பாமிரில் ஏற்றம் ஒரு பிரச்சினையே இல்லை

மத்திய ஆசியாவின் பாமிர் மலைகளைக் கடக்கும் பாமிர் நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்டினேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, எவ்வளவு உயரம் ஏறினாய் என்பதைத்தான். 4,655 மீட்டர், அக்-பைத்தால் கணவாய், அந்தச் சாலையிலேயே உயரமான இடம் அதுதான். எண்ணைக் கேட்டதும் வாயைப் பிளக்கிறார்கள். உண்மையில் அந்த ஏற்றம் அவ்வளவு கஷ்டமில்லை. முர்காப் ஊரே 3,600 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது, அங்கிருந்து சாலை மெல்ல மெல்லத்தான் உயர்கிறது, கடைசி சில கிலோமீட்டர்தான் நெஞ்சை அடைக்கும், ரொம்ப முடியவில்லை என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?

உயிரை எடுப்பது சாலைதான். தஜிகிஸ்தானின் துஷன்பேயிலிருந்து கிர்கிஸ்தானின் ஓஷ் வரை 1,200 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் எம்-41 (பாமிர் நெடுஞ்சாலையின் எண் அதுதான்), இதில் கோரோக் ஊரிலிருந்து ஓஷ் வரையுள்ள பகுதியை 1930-களில் சோவியத் அரசு போட்டது. சில இடங்களில் தார் இன்னும் இருக்கிறது, சில இடங்களில் இருந்த தடயம் மட்டும் இருக்கிறது. மற்ற இடங்களில் தகரக்கூரையைப் படுக்கப்போட்டு அதன்மேல் ஓட்டுவது போல, குறுக்குக் குறுக்காக நெளிநெளியாய் மண். இந்த நெளிவு தானாக உண்டாவதுதான் வேடிக்கை: தளர்ந்த மண்மேல் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் சக்கரம் ஓடினால் சின்ன மேடுகூட சக்கரத்தைத் துள்ளவைக்கிறது, துள்ளி விழும் இடத்தில் மண் குழிந்து அடுத்த மேடு பிறக்கிறது, அது அடுத்த வண்டியைத் துள்ளவைக்கிறது. ரொம்ப மெதுவாகப் போகிற வண்டிகளால் நெளிவு உண்டாகாது. அதாவது லாரிகளும் ஜீப்புகளும் வேகமாகப் போய் உண்டாக்கியதை நாம் மெதுவாகப் போய் அனுபவிக்கிறோம். காரில் போனால் வேகமெடுத்து மேடுகளின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு பறக்கலாம். பையும் கூடாரமுமாகக் கனக்கும் சைக்கிளில் அது நடக்காது. சாலையின் ஓரத்தில், சில சமயம் சாலையை விட்டே இறங்கி, பக்கத்துப் பொட்டலில் யாரோ ஓட்டிப்போன தடத்தைத் தேடிக்கொண்டே போக வேண்டியதுதான்.

அதனால் இந்தப் பயணத்துக்கு எடை குறைந்த சைக்கிளைத் தேடிப் பணத்தைக் கொட்டாதீர்கள். இரண்டு அங்குல அகலத்துக்குக் குறையாத டயர், காற்றைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தினமும் சாயங்காலம் கேரியர் திருகாணிகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள், அதிர்ச்சியில் அவைதான் முதலில் கழன்று விழும். ஸ்போக் உடைந்தால் பெரும்பாலும் பின்சக்கரத்தில், அதுவும் பற்சக்கரங்கள் இருக்கிற பக்கத்தில்தான் உடையும், அவற்றைக் கழற்றாமல் புதிய ஸ்போக்கை நுழைக்க முடியாது. எனவே கழற்றும் கருவி இல்லாமல் மாற்று ஸ்போக் மட்டும் கொண்டுபோவது வீண் சுமை.

அப்புறம் உயரம். கணவாயின் உயரத்தைவிட முக்கியம் ராத்திரி எங்கே தூங்குகிறோம் என்பது. பகலில் 4,600-க்குப் போய்விட்டு இறங்கிவிடலாம், உடம்பு முணுமுணுத்துக்கொண்டே சமாளிக்கும். ஆனால் 3,000 மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, இடையிடையே ஒரு நாள் ஓய்வும் வேண்டும் என்பதுதான் மலை மருத்துவர்கள் சொல்லும் வழி. தலைவலி வந்தால் அங்கேயே நில்லுங்கள். தள்ளாட்டமோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறலோ வந்தால் அந்த நேரத்திலேயே கீழே இறங்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. 4,000 மீட்டர் வாக்கில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதத்துக்குச் சற்று முன்பின்தான். தண்ணீர்கூட 86, 87 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசியும் பருப்பும் வேகாமல் அடம்பிடிக்கும். எரிபொருளை வீணாக்காமல் நூடுல்ஸோடு சமாதானமாகிவிடுவது நல்லது.

விறகு கிடைக்கும் என்று நினைக்காதீர்கள், கிழக்கு பாமிரில் மரமே இல்லை. அங்கு வாழும் கிர்கிஸ் குடும்பங்கள் கவரிமாட்டுச் சாணத்தையும் தெரெஸ்கென் என்ற குட்டைச் செடியையும் எரிக்கிறார்கள். மிக மெதுவாக வளரும் செடி, அதை வேரோடு பிடுங்குவதால் நிலமே பாலையாகிக்கொண்டிருக்கிறது. அலிச்சூரில் நான் தங்கிய வீட்டில் பாட்டி அடுப்பில் ஒவ்வொரு குச்சியாக எண்ணிப் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தபின், குளிக்க வெந்நீர் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உப்பும் வெண்ணெயும் போட்ட பால் தேநீர் கொடுத்தார், அதில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட வேண்டும். முதல் கிண்ணம் கொஞ்சம் சிரமம்தான். காற்றில் நாளெல்லாம் காய்ந்தபின் மூன்றாவது கிண்ணத்தையும் நானே நீட்டினேன்.

வழியை முடிவு செய்வதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். கோரோக்கிலிருந்து எம்-41-லேயே போனால் கோய்-தெசெக் கணவாய், 4,272 மீட்டர். இல்லை, இஷ்காஷிம் வழியாக வாகான் பள்ளத்தாக்கைச் சுற்றினால் லங்கர் தாண்டி கார்குஷ், 4,344. நான் வாகான் வழியையே சொல்வேன், சாலை மோசம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். பஞ்ச் நதிக்கு அந்தப் பக்கம் ஆப்கானிஸ்தான், சில இடங்களில் கூப்பிட்டால் கேட்கிற தூரம், கழுதையோடு நடக்கிறவர்கள் கையாட்டுவார்கள். ரஷ்யப் பேரரசும் பிரிட்டிஷ் இந்தியாவும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க 1895-ல் எல்லை வகுத்து விட்டுவைத்த ஒடுங்கிய நிலம்தான் அந்தக் கரை. தஜிகிஸ்தானின் பாமிர் பகுதியான கோர்னோ-படாக்ஷானுக்கு விசா போக தனி அனுமதி வேண்டும், சோதனைச் சாவடிகளில் கேட்பார்கள், நாலைந்து நகல் எடுத்து வைத்துக்கொண்டால் நேரம் மிச்சம்.

திசை? ஓஷிலிருந்து ஆரம்பிப்பவர்கள் நிறைய பேர். ஓஷ் 1,000 மீட்டர் சுமார், சாரி-தாஷ் 3,170, அடுத்தே 4,280 மீட்டர் கிசில்-அர்ட் எல்லைக் கணவாய், இரண்டு நாட்டுச் சாவடிகளுக்கும் நடுவே 20 கிலோமீட்டர் அளவுக்கு யாருமில்லாத வெளி, அதைத் தாண்டினால் கராகுல் ஏரிக்கரையில் 3,900 மீட்டரில் படுக்கை. ஏரி அழகுதான், விண்கல் விழுந்த பள்ளம், தண்ணீர் உப்பு. ஆனால் உடம்பு பழகுமுன் அங்கே தூங்குவது நல்ல யோசனை இல்லை. கோரோக் 2,100 மீட்டர் அளவில் இருக்கிறது, அங்கிருந்து நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறலாம், கராகுல் வரும்போது உடம்பு தயாராக இருக்கும். மேற்கிலிருந்து கிழக்கே போங்கள். எல்லை திறந்திருக்கிறதா என்று மட்டும் கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள், 2021-க்குப் பிறகு அது நீண்ட காலம் மூடிக்கிடந்தது.