வாய்தா தேதியைப் போனில் பார்ப்பது: ராமநாதபுரம் கரையோரத்தாருக்கு

வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க எல்லாரும் முதலில் பெயரைப் போட்டுத் தேடுகிறார்கள். இருப்பதிலேயே சுற்று வழி அதுதான். கையில் சி.என்.ஆர். எண் (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண்) இருந்தால் மாவட்டம், கோர்ட், வழக்கு வகை எதையும் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. வழக்கு விவரங்களைக் காட்டும் ஈகோர்ட்ஸ் இணையதளத்தின் முதல் பக்கத்திலேயே அதற்கான கட்டம் இருக்கிறது. எண்ணை அடித்து, படத்தில் தெரியும் எழுத்துகளையும் அடித்தால் வழக்கு வந்துவிடும்.

சி.என்.ஆர். மொத்தம் 16 இடம். முதல் இரண்டு எழுத்து மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், அதற்கடுத்த இரண்டு இடம் நீதிமன்றப் பிரிவு. பிறகு ஆறு இலக்க வரிசை எண், கடைசி நான்கு ஆண்டு. நடுவில் வரும் அந்த ஆறு இலக்கம் வழக்கு எண் அல்ல. ஓ.எஸ். (சிவில் அசல் வழக்கு) 45 என்றால் அங்கே 000045 என்று இருக்காது. ஊகித்து அடித்தால் வேறு யாருடைய வழக்கோ வந்து நிற்கும். கடைசிப் பத்து இடமும் இலக்கம் மட்டுமே என்பதால் பூஜ்யத்துக்குப் பதில் ஓ என்ற ஆங்கில எழுத்து விழுந்துவிடாமல் பார்க்க வேண்டும். நடுவே கோடும் வேண்டாம், இடைவெளியும் வேண்டாம். எண் தெரியாவிட்டால் வக்கீல் குமாஸ்தாவிடம் கேளுங்கள். கேஸ் கட்டின் மேலட்டையிலோ டைரியிலோ குறித்து வைத்திருப்பார்.

சி.என்.ஆர். இல்லையென்றால் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாதிப் பேர் தடுமாறுவது வளாகத்தில்தான். தொண்டிப் பக்கத்து வழக்கை ராமநாதபுரத்தில் தேடினால் கிடைக்காது, திருவாடானையில் இருக்கும். பாம்பன், தங்கச்சிமடம் சில்லறை வழக்குகள் ராமேசுவரம் கோர்ட்டில் இருக்கும். அதே ஊர்க்காரரின் விபத்து இழப்பீடு ராமநாதபுரத்தில் நடக்கும். பரமக்குடி, முதுகுளத்தூர், கமுதி எல்லாம் தனித்தனி. சில வளாகங்களில் அதற்குள் எந்தக் கோர்ட் என்றும் கேட்கும். அதை விட்டுவிட்டுத் தேடி "பதிவு இல்லை" என்று வந்தால் தளத்தின் மேல் குற்றமில்லை.

பெயரால்தான் தேட வேண்டும் என்றால் முழுப்பெயரை அடிக்காதீர்கள். குறைந்தது மூன்று எழுத்து போதும், ஆண்டு கட்டாயம். முகமது என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையும் நம் கரையோரப் பதிவேடுகளில் இருக்கிறது. அந்தோணிக்கும் அதே கதை. ஆகவே மாறாத நடுத்துண்டை மட்டும் அடியுங்கள், இனிஷியலை விட்டுவிடுங்கள். நடப்பு, முடிந்தது, இரண்டும் என்று மூன்று தேர்வு இருக்கும். எப்போதும் இரண்டும் என்பதையே வையுங்கள். போக்சோ போன்ற வழக்குகளில் பெயர் மறைக்கப்பட்டிருக்கலாம் என்பதால், அவற்றுக்கு எண் மட்டுமே வழி.

போலீஸ் வழக்கென்றால் நிலையத்தின் பெயர், குற்ற எண், ஆண்டு கொண்டு தேடலாம். ஆனால் நிலையத்தில் தந்த மனு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர். எண், இங்கே செல்லாது, எப்.ஐ.ஆர். எண்தான் வேண்டும். கடல் அட்டை வழக்குகளில் இன்னொரு சிக்கல். வனவிலங்குச் சட்டப்படி வனத்துறையே குற்றம் பதிந்து கோர்ட்டுக்குப் போகும்போது அதற்குப் போலீஸ் எப்.ஐ.ஆர். எண் இருக்காது. நிலையத்தின் பெயரைப் போட்டுத் தேடிவிட்டு, "கேஸே இல்லையாம்" என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. பெயரால் அல்லது சட்டத்தின் பெயரால் தேடுங்கள்.

சிவிலில் "மனு போட்டாச்சு, இன்னும் நம்பர் ஆகலை" என்றால் வழக்கு எண் பகுதியில் ஒன்றும் வராது. தாக்கல் எண் என்று தனிப் பகுதி உண்டு, அங்கே பாருங்கள்.

வழக்கு கிடைத்தபின் அடுத்த தேதியை மட்டும் குறித்துக்கொண்டு மூடிவிடுகிறார்கள். பக்கத்தின் கீழே பழைய வாய்தாக்களின் அட்டவணை இருக்கிறது. அதிலுள்ள தேதியைத் தொட்டால் அன்று கோர்ட்டில் நடந்தது ஓரிரு வரியில் வரும்: பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்) கட்டவில்லை, எதிருரை வரவில்லை, வாரண்ட் பிறப்பிக்கப்பட்டது என்று. நமக்கு வேண்டிய விஷயமே அங்குதான். முடிந்துபோன தேதியே "அடுத்த தேதி" என்று நின்றால், கோர்ட் ஊழியர் இன்னும் பதியவில்லை என்று பொருள். நீதிபதி விடுப்பில் இருக்கும் நாளில் இது சாதாரணம். மாலையில் ஒருமுறை, மறுநாள் ஒருமுறை பார்த்தும் மாறவில்லையென்றால் குமாஸ்தாவுக்கு போன் போடுங்கள்.

கடலுக்குப் போகிறவர்கள் முந்தின நாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. படகு ஏறுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். ஈகோர்ட்ஸ் செயலியில் வழக்கைச் சேமித்து வைத்தால் ஒவ்வொரு முறையும் எண் அடிக்க வேண்டாம், ஆனால் புதிய தேதி தெரிய நெட் வேண்டும். சிக்னல் மட்டும் இருக்கிற இடத்தில் எஸ்.எம்.எஸ். உதவும்: ஈகோர்ட்ஸ் என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சி.என்.ஆர். எண்ணை அடித்து 9766899899 என்ற எண்ணுக்கு அனுப்பலாம். குற்ற வழக்கில் வர முடியாத நாளுக்கு வக்கீல் போடும் மனுவை, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவை வைத்து, இன்றும் 317 மனு என்றே சொல்கிறார்கள்; 2024 ஜூலை 1 முதல் அது புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 355-ஆம் பிரிவு. அதை வாய்தா அன்று காலையிலேயே போட வேண்டும். போடாவிட்டால் வாரண்ட் விழும்.

"டிஸ்போஸ்டு" (முடிக்கப்பட்டது) என்ற சொல்லைப் பார்த்ததும் கேஸ் முடிந்தது என்று எண்ணுவதுதான் அதிகம் கெடுக்கிறது. கொலை முயற்சி போன்ற வழக்குக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பும் வரை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பி.ஆர்.சி. என்ற எண் தருவார்கள். அனுப்பியதும் இங்கே டிஸ்போஸ்டு என்று காட்டும், அங்கே எஸ்.சி. (செஷன்ஸ் கேஸ்) என்ற புது எண்ணில், புது சி.என்.ஆரோடு வழக்கு உயிரோடு இருக்கும். பழைய எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வாரண்டோடு போலீஸ் வரும்போதுதான் தெரியும். அதனால் முடிந்த விதம் என்ன என்ற வரியையும் சேர்த்துப் படியுங்கள். சிவிலில் அங்கே ஆஜராகாததால் தள்ளுபடி என்று இருந்தால், மீண்டும் கோப்பில் எடுக்க மனுப் போட 30 நாள். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை, அதாவது ஒருவர் வராததால் ஒருதரப்பாகச் சொன்ன தீர்ப்பை, ரத்துசெய்யவும் 30 நாள்தான்; சம்மன் முறையாகச் சேராதவருக்கு அது தெரிந்த நாளிலிருந்து கணக்கு. தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் சேர்த்துப் போட வேண்டும், ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் காரணம் சொல்ல வேண்டும்.

மதுரைக் கிளை வழக்குகள் இந்தப் பக்கத்தில் வராது. உயர்நீதிமன்றத்துக்கென்று தனிப் பக்கம். அதில் சென்னை உயர்நீதிமன்றம் எடுத்து மதுரைக் கிளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எண்ணில் எம்.டி. என்று இருந்தால் மதுரை. பட்டா மேல்முறையீடு ஆர்.டி.ஓ., டி.ஆர்.ஓ. என்ற வருவாய்த்துறை அதிகாரிகள் முன் இருந்தால் எந்தக் கோர்ட் பக்கத்திலும் தேட வேண்டாம். இலங்கையில் பிடிபட்டவர்களின் வழக்கும், படகின் வழக்கும் அந்நாட்டுக் கோர்ட்டில் நடப்பவை, ஈகோர்ட்ஸில் கிடையாது.

தளத்திலிருந்து இறக்கும் உத்தரவு படித்துப் பார்க்க மட்டும். அப்பீலுக்குச் சான்றிட்ட நகல் வேண்டும். சிவில் தீர்ப்பின் மேல் மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர்நீதிமன்றத்துக்கு 90 நாள். நகல் வாங்கப் பிடிக்கும் காலம் இந்தக் கணக்கிலிருந்து கழிக்கப்படும். ஆனால் நகல் மனுவைப் போட்ட நாளிலிருந்துதான் அந்தக் கழிவு தொடங்கும். ஆகவே தீர்ப்பு என்று திரையில் கண்ட அன்றே நகல் மனுவைப் போடச் சொல்லுங்கள்.