இதயக் குறியின் கணக்கு

எங்கள் சுங்குடிச் சேலைக் கடையின் இணையதளத்தில் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஓர் இதயக் குறி இருக்கிறது. ஆசைப்பட்டும் இன்று வாங்க முடியாதவர்கள் அதைத்தான் தொடுகிறார்கள். அவர்களை அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

தளத்துக்கு வருவோர் என்ன செய்கிறார்கள் என்று எண்ணித் தரும் கூகுளின் சேவையான கூகுள் அனலிட்டிக்ஸ் 4, இதயத்தைத் தொடுவதைத் தானாகப் பதிவுசெய்யாது. ‘ஆட்_டு_விஷ்லிஸ்ட்’ (விருப்பப் பட்டியலில் சேர்த்தல்) என்ற நிகழ்வை, அதாவது அந்தச் செயல் நடந்தது என்ற தகவலை, நாம்தான் அனுப்ப வேண்டும். அதோடு பொருளின் குறியீடோ பெயரோ போக வேண்டும், விலையையும் சேர்க்கலாம். மதிப்பை அனுப்பினால் நாணயத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். நான் 1,450 என்று மட்டும் அனுப்பியிருந்தேன், இந்திய ரூபாயைக் குறிக்கும் ‘ஐஎன்ஆர்’ விடுபட்டிருந்தது.

அதைவிடப் பெரிய பிழை பிறகுதான் தெரிந்தது. மாம்பழ மஞ்சள் சேலை ஒன்றுக்கு மட்டும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அதை நம்பி நெசவுக்குச் சொல்லவிருந்தேன், நல்லவேளை நிறுத்தினேன். நிகழ்வுகள் வந்துசேர்வதை உடனுக்குடன் காட்டும் டீபக்வியூ திரையைத் திறந்து வைத்து, கைப்பேசியில் இதயத்தைத் தொட்டேன்: சிவந்தது, நிகழ்வு வந்தது. மறுபடி தொட்டேன்: நிறம் போனது, அதே நிகழ்வு மீண்டும் வந்தது! விருப்பத்தைக் கைவிட்டவர்களையும் விரும்பியவர்களாகவே எண்ணியிருக்கிறேன்.

நீக்குவதற்கென்று கூகுள் பரிந்துரைக்கும் பெயர் இல்லாததால், ‘ரிமூவ்_ஃப்ரம்_விஷ்லிஸ்ட்’ என்று நானே ஒரு நிகழ்வை வைத்தேன். சேர்க்கும் நிகழ்வையும், பட்டியலில் சேலை சேர்ந்துவிட்டதாக சர்வர் பதில் தந்த பிறகே அனுப்புகிறேன்.

இப்போது, ஒவ்வொரு படியையும் எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று காட்டும் ஃபனல் அறிக்கையில் முதல் படி விருப்பம், இரண்டாம் படி வாங்குதல். தினமும் காலையில் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.