குடியிருக்கும் வீட்டையே வாங்கும்போது வாடகைக் கணக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் வாடகைக்கு இருந்த டெரஸ் வீட்டையே வாங்கினோம். விலையில் இழுபறி இல்லை, வாடகைக் கணக்கில்தான் இருந்தது. தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த பலர் இப்படித்தான் வீடு வாங்குகிறார்கள். வீட்டுக்காரருக்கு வயதாகிவிடும், பிள்ளைகள் கோலாலம்பூர் பக்கம் போயிருப்பார்கள். வெளியாளுக்குக் கொடுப்பதைவிட இருக்கிறவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைப்பார். கூடவே, "நமக்குள்ள எதுக்குத் தம்பி எழுத்தெல்லாம்?" என்பார். எழுதியே ஆகவேண்டிய இடம் அதுதான்.

கணக்குக்காக வீட்டு விலை 180,000 வெள்ளி (ரிங்கிட்), வங்கிக் கடன் 90 விழுக்காடு, அதாவது 162,000, மாத வாடகை 600, டெப்பாசிட் 1,200 என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கிராண்டை, அதாவது நில உரிமைப் பத்திரத்தைப் பாருங்கள். நில அலுவலகத்தில் சாரியான் ராஸ்மி (அதிகாரபூர்வப் பதிவுத் தேடல்) எடுத்தால் நிலத்தின் மேல் என்ன கட்டுப்பாடு இருக்கிறது என்று தெரிந்துவிடும். மலாய் ரிசர்வ், அதாவது மலாய்க்காரருக்கு ஒதுக்கிய நிலம் என்றால் நமக்குப் பேச்சு அங்கேயே முடிந்தது. மாநில அரசின் ஒப்புதல் வேண்டும் என்றிருந்தால், பாக்கிப் பணம் கட்டும் மூன்று மாதக் கெடு வழக்கமாக ஒப்புதல் கிடைத்த பிறகுதான் ஓடத் தொடங்கும், எஸ்என்பி (விற்பனை ஒப்பந்தம்) தேதியிலிருந்து அல்ல. அதுவரை வாடகையும் ஓடும். இது தெரியாமல்தான் பலர், ஒரு மாத நீட்டிப்பும் சேர்த்து நாலு மாதத்தில் வாடகை நின்றுவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள்.

எஸ்என்பியில் கையெழுத்துப் போட்டதும் வாடகை நிற்காது. முழு விலையும் அவர் லோயர் கைக்குப் போய்ச் சேரும் நாள்வரை நாம் வாடகைக்காரர்தான். எந்த நாளில் நிற்கும் என்பதை ஒரே வரியில் எஸ்என்பியிலேயே எழுதச் சொல்லுங்கள், அந்த நாளும் சேர்த்தியா இல்லையா என்பது உட்பட. ஜூலை 10-ல் கையெழுத்து, அக்டோபர் 17-ல் பணம் போய்ச் சேர்ந்தது என்றால், அக்டோபர் வாடகை 600 வெள்ளியை 31-ஆல் வகுத்து 17-ஆல் பெருக்க வேண்டும்: 329 வெள்ளி 3 சென். மீதி 270 வெள்ளி 97 சென் நமக்குத் திரும்ப வேண்டியது.

வீட்டுக்காரருக்கு அந்த வீட்டின் மேல் பழைய கடன் இருந்தால் சிக்கல் கூடும். நம் வங்கி முதலில் அவர் வங்கிக் கடனைத் தீர்க்கும். கிராண்ட் விடுபட்டு வந்து, பத்திரம் பதிவுக்குப் போன பிறகே மிச்சத்தை விடும். நடுவில் வாரக்கணக்கில் ஆகலாம். ஆனால் முதல் தொகை போன நாளிலிருந்தே வங்கி நம்மிடம் வட்டி எடுக்கத் தொடங்கிவிடும். அங்கே வட்டி, இங்கே வாடகை. பழைய கடன் தீர்க்கப்பட்ட நாளோடு வாடகை நிற்க வேண்டும் என்று கேளுங்கள். ஒத்துக்கொள்ளவில்லையென்றால் பாதி வாடகையாவது கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் தானாகத் தருவதில்லை.

இன்னொரு இரட்டைச் செலவு, தாமத வட்டி. மூன்று மாதம் தாண்டினால் ஒரு மாத நீட்டிப்பு உண்டு, ஆனால் பாக்கித் தொகைக்குப் பெரும்பாலும் ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டி போடுவார்கள். 162,000-க்கு ஒரு நாள் வட்டி 35 வெள்ளி 51 சென். அதே நாளுக்கு வாடகை 19 வெள்ளிக்கு மேல். குடியிருக்காத ஆளை மனதில் வைத்து எழுதிய அச்சு ஒப்பந்தத்தை லோயர் அப்படியே நம்மிடம் நீட்டுவதால் வரும் வினை இது. வாடகை கட்டும் நாளுக்குத் தாமத வட்டி கிடையாது என்று ஒரு பிரிவு சேர்த்தால் போதும்.

அதிகம் சண்டை வருவது டெப்பாசிட்டில். "விலையில் கழிச்சுக்கலாம்" என்று எல்லாரும் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எங்கே கழிப்பது? 90 விழுக்காடு வங்கி தருகிறது, 10 விழுக்காடு கையெழுத்தின்போதே நாம் கட்டிவிட்டோம். கழிக்க மிச்சம் இல்லை. 10 விழுக்காட்டிலேயே கழித்தால், முழுதாகக் கட்டிய ரசீது எங்கே என்று வங்கி லோயர் கேட்பார். அதிலும் நில ஆதாய வரிக்காக 3 விழுக்காட்டைப் பிடித்து வைக்க வேண்டிய விற்பனையாக இருந்தால் வீட்டுக்காரர் கையில் காசு குறைந்து முகம் சுளிப்பார். எங்களுக்குச் சரிப்பட்ட வழி, டெப்பாசிட்டைக் கடைசி இரண்டு மாத வாடகையாக மாற்றிவிடுவது. வாங்கப்போகிறவரே குடியிருக்கும்போது, சேதத்துக்கு ஈடாக ஒரு தொகையை அவர் பிடித்து வைப்பதில் அர்த்தமும் இல்லை. மேலே சொன்ன கணக்கில் ஆகஸ்டு வரை கையால் கட்டி, செப்டம்பருக்கும் அக்டோபருக்கும் டெப்பாசிட்டை விட்டுவிடலாம். இதற்கு இருவரும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் செப்டம்பரில் அது வாடகை பாக்கியாகத்தான் தெரியும்.

இத்தனை வருஷம் கட்டிய வாடகையில் ஒரு பகுதியை விலையில் சேர்த்துக்கொள்கிறேன் என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்திருந்தால், "ஏற்கெனவே கட்டியது" என்று எஸ்என்பியில் காட்டாதீர்கள். ரசீது இல்லாமல் கையில் கொடுத்த காசை வங்கி கணக்கில் எடுக்காது. விலையையே குறைத்து எழுதிவிடுவது சுத்தம். ஆனால் முத்திரை வரிக்குச் சந்தை மதிப்பு, விலை இரண்டில் எது அதிகமோ அதைத்தான் பார்ப்பார்கள்.

அச்சு ஒப்பந்தத்தில் 'காலி வீடாக ஒப்படைத்தல்' என்று ஒரு பிரிவு இருக்கும். அதை அடித்து, வாங்குபவர் ஏற்கெனவே குடியிருக்கிறார் என்று எழுதச் சொல்லுங்கள். விற்பனை முறிந்தால் பழைய வாடகையிலேயே தொடரலாம் என்றும் சேருங்கள். வாடகை ஒப்பந்தம் நடுவில் காலாவதியாவதாக இருந்தால் முன்கூட்டியே நீட்டித்து ஸ்டாம்பு வைத்துவிடுங்கள்.

பணம் போய்ச் சேர்ந்த நாளில் டிஎன்பி மின்சார மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். இண்டா வாட்டர் (கழிவுநீர்க் கட்டணம்) பாக்கியையும் பாருங்கள். நில வரியும் சுக்காய் பிந்துவும் (நகராட்சி வீட்டு வரி) நாள் கணக்கில் பிரியும். அவர் ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும் 120 வெள்ளி சுக்காய் பிந்து கட்டியிருந்தால், அக்டோபர் 18-லிருந்து உள்ள 75 நாள் நம் பங்கு: 184 நாளில் 75, அதாவது 48 வெள்ளி 91 சென். வாடகையில் நமக்கு வரவேண்டிய 270 வெள்ளி 97 சென்னில் இதைக் கழித்தால், அவர் தரவேண்டியது 222 வெள்ளி 6 சென்.