பால்பல் விழாமலே முளைக்கும் பல்

குழந்தைக்கு முன்பல் ஆடத் தொடங்கினால் வீடே அதைக் கவனிக்கும். பாட்டி தொட்டுப் பார்ப்பார், அப்பா படம் எடுப்பார். அதே மாதங்களில் வாயின் பின்கோடியில் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு நிரந்தரக் கடைவாய்ப்பற்கள் சத்தமில்லாமல் ஈறைக் கிழித்து வந்துகொண்டிருக்கும். அவை வருவது பெரும்பாலான வீடுகளுக்குத் தெரிவதே இல்லை.

தெரியாமல் போவதற்குக் காரணம் எளியது. நிரந்தரப் பற்களில் பெரும்பாலானவை வரும்போது அவற்றுக்கு முன்னால் ஒரு பால்பல் விழும். இதற்கு அப்படி எதுவும் விழாது. கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் காலியாக இருக்கும் ஈறில் புதிதாக முளைக்கும். எதுவும் விழவில்லை என்பதால் இதையும் பால்பல் என்றே பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். அதில் கருப்பு தெரிந்தாலும் "விழப்போற பல்லுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். இந்தப் பல் விழாது. எழுபது வயதிலும் சோறு மெல்ல வேண்டிய பல் இது.

அடையாளம் காண ஒரு வழி உண்டு. முன்பற்களின் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டே போங்கள். பால்பற்கள் ஒரு பக்கத்துக்கு ஐந்துதான். ஆறாவதாக ஒன்று தெரிந்தால் அது நிரந்தரப் பல். விழுந்த பல்லின் இடைவெளியையும் ஒன்றாகச் சேர்த்து எண்ண வேண்டும். ஐந்து வயது முடிந்ததிலிருந்து மாதம் ஒருமுறை, கைப்பேசி விளக்கு வெளிச்சத்தில் இப்படி எண்ணிப் பார்த்தால் போதும். சிலருக்கு ஐந்தரை வயதிலேயே வந்துவிடும், சிலருக்கு ஏழு வயதாகும்.

இந்தப் பல் இவ்வளவு சீக்கிரம் சொத்தையாவதற்கு மிட்டாய் மட்டும் காரணம் அல்ல. முதல் காரணம் அதன் மேற்பரப்பு. மெல்லும் பக்கத்தில் ஓடும் பள்ளங்கள் பல இடங்களில் பிரஷ்ஷின் ஓர் இழையைவிடக் குறுகலானவை. எவ்வளவு தேய்த்தாலும் இழை அடிவரை இறங்காது. இரண்டாவது, அது வளரும் வேகம். ஈறில் நுனி தெரிவதிலிருந்து எதிர்ப் பல்லைத் தொடும் உயரத்துக்கு வர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை பக்கத்துப் பால்பல்லைவிடத் தாழ்வாகவே நிற்கும். பிரஷ் பால்பல்லின் மேல் ஓடி, இதைத் தொடாமலே திரும்பிவிடும். பின்பாதியை மூடியிருக்கும் ஈறு மடிப்புக்குள் பிஸ்கட் மாவு தங்கும். மூன்றாவது, புதிதாக வந்த பல்லின் கடினமான மேலோடான எனாமல் இன்னும் முழுமையாக இறுகியிருக்காது. எச்சிலில் இருக்கும் கால்சியமும் ஃபுளோரைடும் சேர்ந்துதான் முதல் சில ஆண்டுகளில் அதை இறுக்குகின்றன. மிகவும் பலவீனமாக இருக்கும் காலத்தில்தான் இந்தப் பல்லுக்கு மிகக் குறைவான கவனிப்பு கிடைக்கிறது.

அதனால் தேய்க்கும் முறையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். பிள்ளையை உங்களுக்கு முன்னால் நிறுத்தி, தலையை உங்கள் வயிற்றில் சாய்த்துக்கொள்ளுங்கள். "பெருசா ஆ காட்டு" என்று சொல்லாதீர்கள். வாயை அகலத் திறந்தால் கன்னம் இறுகி, பின்னால் பிரஷ் போக இடமே இருக்காது. பாதி மூடச் சொல்லுங்கள், கன்னம் தளரும். சிறிய தலை கொண்ட பிரஷ்ஷைக் கடைவாய் ஓரத்திலிருந்து உள்ளே விட்டு, பல்வரிசைக்குக் குறுக்காக வைத்து, அந்த ஒரு பல்லின் மேல் மட்டும் பத்து முறை மெதுவாகத் தேய்க்க வேண்டும். வழக்கமாக முன்னும் பின்னும் தேய்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு. ஈறு மடிப்பில் லேசாக ரத்தம் வந்தால் நிறுத்த வேண்டாம். பெரும்பாலும் அங்கே அழுக்கு தங்கியிருப்பதால்தான் வரும், சில நாள் ஒழுங்காகத் தேய்த்தால் நின்றுவிடும். ஏழெட்டு வயது வரை இரவுத் தேய்ப்பையாவது பெரியவர்கள் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை தானே தேய்க்க ஆசைப்பட்டால் தேய்க்கட்டும், முடித்த பிறகு நீங்கள் ஒருமுறை தேய்த்துவிடுங்கள்.

பற்பசைக் குழாயின் பின்பக்கத்தில் ஃபுளோரைடு அளவைப் பாருங்கள். 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு) வரை இருக்க வேண்டும். படம் போட்ட சில சிறுவர் பற்பசைகளில் 500தான் இருக்கும், சிலவற்றில் அறவே இருக்காது. மூன்று வயதுக்குள் அரிசி மணியளவு, மூன்று முதல் ஆறு வரை பட்டாணியளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுக்கப் பிதுக்க வேண்டியதில்லை. தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்க வேண்டாம். இது நம் வீடுகளில் மாற்றுவதற்குக் கடினமான பழக்கம், ஆனால் கொப்பளித்தால் பல்லின் மேல் தங்க வேண்டிய ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும்.

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலும் பினாங்கு லெபோ பாசாரிலும் மூலிகைப் பற்பொடியும் பற்பசையும் நன்றாகவே விற்பனையாகின்றன. குச்சியும் பொடியும் வழவழப்பான பரப்பைச் சுத்தம் செய்யும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆறு வயதுப் பல்லின் பள்ளத்துக்குள் அவை இறங்குவதில்லை. பொடி ஃபுளோரைடும் தருவதில்லை. மூலிகைப் பற்பசைதான் வேண்டும் என்றால் ஃபுளோரைடு சேர்த்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழாய்நீரில் ஃபுளோரைடு சேர்ப்பது மலேசியாவில் 1972லிருந்து அரசுக் கொள்கை. முன்பு 0.7 பிபிஎம் ஆக இருந்த அளவு 2005ல் 0.5 பிபிஎம் ஆகக் குறைக்கப்பட்டது. வீட்டில் மாத வாடகைக்கு வைக்கும் சுத்திகரிப்பு இயந்திரம் ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ் வகையாக இருந்தால், அந்த ஃபுளோரைடில் பெரும்பகுதியை எடுத்துவிடும். சாதாரண கரி வடிகட்டி பெரிதாக எடுக்காது. இயந்திரத்தைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. பற்பசையில் ஃபுளோரைடு தவறாமல் இருந்தால் போதும்.

சாப்பாட்டில் அளவைவிட எத்தனை தடவை என்பதுதான் முக்கியம். இனிப்பு வாய்க்குள் போன சில நிமிடங்களில் பல்லழுக்கில் அமிலம் கூடி (அதைக் காட்டும் pH அளவு 5.5க்குக் கீழே இறங்கி), எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதைச் சரிக்கட்ட அரைமணி நேரம் பிடிக்கும். ஒரு குவளை மைலோவை ஒரே மூச்சில் குடிப்பது ஒரு தாக்குதல். அதையே பாட்டிலில் ஊற்றிப் பள்ளி வேனில் கொஞ்சம், வகுப்பில் கொஞ்சம், டியூஷனில் கொஞ்சம் என்று உறிஞ்சினால் பல்லுக்கு ஓய்வே கிடையாது. தண்ணீர்ப் பாட்டிலில் தண்ணீர் மட்டும் என்ற ஒரு விதியை வீட்டில் கொண்டுவந்தாலே பாதிச் சிக்கல் தீரும். இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள். இரவு தேய்த்த பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம்.

பள்ளிப் பல் சிகிச்சையில் இந்த நாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. நியூசிலாந்து 1921ல் தொடங்கிய பள்ளிப் பல் தாதியர் முறையைப் பின்பற்றி, 1949ல் பினாங்கில் பயிற்சி ஆரம்பமானது. இன்று அவர்கள் பல் சிகிச்சையாளர்கள் என்ற பெயரில் அரசாங்கப் பள்ளிகளுக்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் வருகிறார்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஓர் இடைவெளி இருக்கிறது. பிள்ளை முதலாம் ஆண்டில் சேருவது வழக்கமாக ஏழு வயதாகும் ஆண்டில். குழு அந்தப் பள்ளிக்கு எந்த மாதம் வரும் என்பது அவர்கள் அட்டவணையைப் பொறுத்தது. பல்லோ பாலர் பள்ளியிலேயே முளைத்துவிடுகிறது. இடையில் கழியும் மாதங்கள்தான் இந்தப் பல்லுக்கு ஆபத்தான மாதங்கள். ஆறாவது பல் தெரிந்த உடனே அருகிலுள்ள கிளினிக் பெர்கிகியானுக்கு (அரசுப் பல் சிகிச்சை நிலையம்) அழைத்துப் போங்கள், பள்ளிக் குழுவுக்காகக் காத்திருக்க வேண்டாம். பள்ளியிலிருந்து வரும் போராங் கெபெனாரான் என்ற அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு மறுநாளே அனுப்பிவிடுங்கள். புத்தகப்பையின் அடியில் கசங்கிக் கிடக்கும் அந்தத் தாள் திரும்பிப் போகாவிட்டால், குழு பள்ளிக்கே வந்தாலும் பிள்ளைக்குச் சிகிச்சை கிடைக்காமல் போகலாம்.

கிளினிக்கில் கேட்க வேண்டியது சீலண்ட். பள்ளத்தைப் பிசினால் மூடிவிடுவது. ஊசி இல்லை, குடைவது இல்லை. பல்லைச் சுத்தம் செய்து, சுற்றிலும் பஞ்சு வைத்து எச்சிலைத் தடுப்பார்கள். பாஸ்பாரிக் அமில ஜெல்லை 15 முதல் 30 விநாடி பூசி, கழுவி, காற்றடித்து உலர்த்துவார்கள். எனாமல் பனி படிந்த கண்ணாடிபோல் மங்கிய வெள்ளையாகத் தெரிந்தால்தான் பிசின் பிடிக்கும். பிறகு பிசினை ஓடவிட்டு, நீல விளக்கில் 20 விநாடியளவு காட்டினால் இறுகிவிடும். ஒரு பல்லுக்குச் சில நிமிடங்கள்தான்.

சீலண்ட் வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே கட்டத்தில். உலர்த்திய பிறகு ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் பிடிப்பு போய்விடும், திரும்ப அமிலம் பூச வேண்டும். பிள்ளை நாக்கை அசைக்காமல் இருப்பது அதனால்தான் முக்கியம். முந்தின நாளே வீட்டில் மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு ஒரு நிமிடம் வாயைத் திறந்து வைத்திருக்கப் பழக்குங்கள். பல் பாதிதான் வெளியே வந்திருந்து உலர்த்தவே முடியாவிட்டால், ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும் கிளாஸ் அயனோமரைத் தற்காலிகமாகப் பூசுவார்கள். அது சீக்கிரம் தேயும், ஆனால் அந்த ஓராண்டைக் கடக்க உதவும். சீலண்ட் போட்டாயிற்று என்று மறந்துவிடவும் கூடாது. ஓரம் பெயர்ந்தால் உணவு உள்ளே போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டி, பெயர்ந்த இடத்தில் மறுபடி பூசிக்கொள்ளுங்கள். பள்ளத்தில் தொடக்க நிலைச் சொத்தை இருந்தாலும் குழி விழாதவரை அதன் மேலேயே சீலண்ட் போடலாம். குழி விழுந்துவிட்டால் அடைக்க வேண்டியதுதான்.

சில பிள்ளைகளுக்கு இந்தப் பல் முளைக்கும்போதே மஞ்சளாகவோ பழுப்பாகவோ திட்டுத்திட்டாக இருக்கும். தேய்த்தாலே கூசுகிறது என்று பிள்ளை அந்தப் பக்கத்தைத் தவிர்க்கும். எனாமல் உருவான காலத்திலேயே சரியாக இறுகாமல் போனதன் அறிகுறி இது. மெல்லும் அழுத்தத்திலேயே உதிரும். "சோம்பேறித்தனம், ஒழுங்கா தேய்க்கல" என்று பிள்ளையைத் திட்டாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, தாமதிக்காமல் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். சில பற்களுக்குத் தொப்பிபோல் எஃகு உறை போட்டுத்தான் காப்பாற்ற முடியும்.

இதே எண்ணிக்கையைப் பிள்ளைக்குப் பதினொரு வயதாகும்போது மறுபடி தொடங்குங்கள். அப்போது தேட வேண்டியது ஏழாவது பல். அதற்கு முன்னாலும் எந்தப் பால்பல்லும் விழாது. ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப்பள்ளிக்கு மாறும் அந்தப் பரபரப்பான மாதங்களில்தான் அது வழக்கமாக வெளியே வரும்.