கரண்ட் போனாலும் ஃப்ளைவீல் நிற்காது

கோவையில் கணபதி பக்கம் எங்களுக்கு ஒரு சின்னப் பிரஸ் பட்டறை இருக்கிறது. அப்பா போட்டது. தகட்டை அடித்து ஓட்டை போடவும் வடிவம் கொடுக்கவும் ஆறு பவர் பிரஸ், தகடு வெட்ட ஒரு ஷியரிங் மெஷின், ஒரு லேத். பம்ப்செட் மோட்டாருக்கு ஃபேன் கவர், டெர்மினல் பாக்ஸ் மூடி, கிளாம்ப், வாஷர் என்று ஜாப் ஒர்க் செய்து கொடுக்கிறோம். 2010லிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் பக்கத்துத் தெருப் பட்டறைக்காரர் வந்து, "புதுசா நாலு பசங்க சேர்ந்திருக்காங்க அம்மிணி, சேஃப்டின்னு என்னத்தைச் சொல்லிக் குடுக்கறது?" என்று கேட்டார். ஒரு மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2012 அக்டோபர். கோவையில் தொழில் நடத்தியவர்களுக்கு அந்த வருடத்தை நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. பகலும் இரவுமாகப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. வருகிற நேரத்தில் ஓட்டியாக வேண்டும். நடுராத்திரி வந்தால் நடுராத்திரி ஆளை எழுப்புவோம். எங்கள் பட்டறையில் ஒரு தம்பி இருந்தான். அவனுக்கு அப்போது 25 வயது, பிரஸ்ஸில் மூன்று வருட அனுபவம். 30 டன் மெஷினில் டெர்மினல் பாக்ஸ் மூடிக்கு ஓட்டை அடித்துக்கொண்டிருந்தான். காலை பதினொன்றேகாலுக்குக் கரண்ட் போனது. லைட் அணைந்தது, ஃபேன் நின்றது. ஒரு மூடி டையில், அதாவது தகட்டை வைத்து அடிக்கிற அச்சில், சிக்கியிருந்தது. கரண்ட்தான் போய்விட்டதே என்று கையை விட்டு எடுக்கப் போனான். கால் பெடல் மேலேயே இருந்தது.

மோட்டார் நின்றுவிட்டது, அது சுற்றிவிடும் கனமான சக்கரம், ஃப்ளைவீல், நிற்கவில்லை. எங்களுடையவை பழைய கீ கிளட்ச் மெஷின்கள். பெடலை மிதித்தால் கீ திரும்பி, சுற்றிக்கொண்டிருக்கும் ஃப்ளைவீலை ஷாஃப்டோடு பூட்டிவிடும். பூட்டிய பிறகு ஒரு முழுச் சுற்று முடியாமல், மேலிருந்து இறங்கி அடிக்கும் ராம் நிற்காது. அந்த ஒரு சுற்றுக்கு வேண்டிய வேகம் ஃப்ளைவீலிலேயே இருக்கிறது. ஆள்காட்டி விரலில் இரண்டு கணு, நடுவிரலில் ஒரு கணு.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததெல்லாம் தப்பு. ஒருவர் காயத்தில் காபித்தூளை அப்பப் போனார். இன்னொருவர் சோடா வாங்கி வந்து குடிக்கக் கொடுத்தார். துண்டான விரலை டீக்கடையில் வாங்கிய ஐஸ் தண்ணீருக்குள் போட்டு நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். விரல் நசுங்கிவிட்டது, எப்படிக் கொண்டுவந்திருந்தாலும் ஒட்டவைத்திருக்க முடியாது என்றார் டாக்டர். ஆனாலும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேல் தூக்கி வைக்க வேண்டும். விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்ட வேண்டும். அந்தக் கவரை ஐஸ் போட்ட இன்னொரு கவருக்குள் வைக்க வேண்டும். ஐஸோ தண்ணீரோ விரலில் நேராகப் படக்கூடாது. மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் குடிக்க எதுவும் தரக்கூடாது. இப்போது எங்கள் முதலுதவிப் பெட்டியில் இரண்டு காலி ஜிப் கவர்கள் எப்போதும் இருக்கும். உங்கள் பெட்டியைத் திறந்து பாருங்கள், இருக்கிறதா என்று.

நஷ்ட ஈட்டுக் கணக்கைப் பார்த்த அன்றுதான் எனக்கு உள்ளுக்குள் என்னவோ ஆகிவிட்டது. அப்போது எங்களிடம் ஒன்பது பேர்தான். அதனால் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு இல்லை. 1923ஆம் வருடத்து இழப்பீட்டுச் சட்டப்படி நாங்களே கொடுக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருந்தது. ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 14 சதவீதம் போனதாகக் கணக்கு. இரண்டு கணு போனால் 11. நடுவிரலில் ஒரு கணுவுக்கு 7. கட்டைவிரல் 30. மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை எடுத்து, 25 வயதுக்கு உரிய 216.91 என்ற எண்ணால் பெருக்கி, அதில் 18 சதவீதம். அவன் சம்பளம் 7,000 ரூபாய். 1 லட்சத்து 63 ஆயிரத்துச் சொச்சம் வந்தது. ரசீதில் கையெழுத்துப் போடும்போது பேனாவைக் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பிடித்திருந்தான். முதல் தடவை பேனா நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவன் அதற்குப் பிறகு பிரஸ் பக்கமே வரவில்லை. இன்றைக்கு சரக்கு ஆட்டோ ஓட்டுகிறான்.

அன்றுவரை எங்கள் பட்டறையில் பயிற்சி என்றால் ஒரே வாக்கியம்தான்: "கவனமா வேலை செய்யி." அப்பா சொன்னார், நானும் சொன்னேன். விபத்து நடந்த மறுநாளும் எல்லோரையும் நிற்க வைத்து அதையேதான் சொன்னேன்.

அதை மாற்றியவர் முப்பது வருடம் டை செய்கிற டூல் ரூமில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அப்பாவுக்குத் தெரிந்தவர். வந்தவர் யாரிடமும் பேசவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஓர் ஆபரேட்டரின் கையையே பார்த்துக்கொண்டு துண்டுச் சீட்டில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார். "ஒரு மணி நேரத்துக்கு ஐநூறு தடவை இவன் கை டைக்குள்ள போயிட்டு வருது அம்மிணி. எட்டு மணி நேரத்துக்கு நாலாயிரம். நாலாயிரத்துல ஒரு தடவைகூட கவனம் தப்பக்கூடாதுன்னா அது மனுசனால ஆகுமா? கையே உள்ள போகாத மாதிரி பண்ணு. அப்புறம் கவனத்தைப் பத்திப் பேசலாம்."

பயிற்சி என்று எனக்குக் கிடைத்ததில் இதைவிடப் பெரியது எதுவும் இல்லை.

அந்த மாதமே வேலையை ஆரம்பித்தோம். நீளத் தகட்டை (ஸ்ட்ரிப்) ஓட்டும் டைகளுக்கு நாலு பக்கமும் தடுப்பு, தகடு நுழைய மட்டும் 6 மி.மீ. வழி. விரல் போகாது. ஒவ்வொன்றாகத் தகட்டை வைத்து எடுக்கும் வேலைக்குத்தான் மூளையைக் கசக்க வேண்டியிருந்தது. டைக்கு முன்னால் ஒரு சரிவுத் தட்டு வைத்து, துண்டை வெளியிலிருந்தே தள்ளிவிடும்படி செய்தோம். எடுக்க காந்தக் குச்சியும் நீள இடுக்கியும். பெடலுக்கு மேல் தகரத்தில் ஒரு கூடு செய்து மாட்டினோம். காலை வேண்டுமென்றே உள்ளே நுழைத்தால்தான் மிதிக்க முடியும், மேலேயிருந்து ஏதாவது விழுந்தால் பெடல் அமுங்காது. எல்லாம் சேர்த்து ஆறு மெஷினுக்கும் ஒரு நல்ல டை செய்கிற செலவுகூட ஆகவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. கை குறுக்கே வந்தால் மெஷின் தானாக நிற்கும் என்று சொல்லி லைட் சென்சார் விற்க வருவார்கள். ஃபிரிக்ஷன் கிளட்ச் பிரஸ்ஸுக்கு அது அருமையான பொருள், நடு ஸ்ட்ரோக்கில் நிறுத்திவிடும். நம்முடைய பழைய கீ கிளட்ச்சில் மாட்டினால் சென்சார் கையைப் பார்க்கும், ராம் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். அதை மாட்டிவிட்டோம் என்ற நம்பிக்கையில் தடுப்பைக் கழற்றி வைத்த பட்டறையை நான் பார்த்திருக்கிறேன். காசு கொடுப்பதற்கு முன்னால், உங்கள் மெஷின் நடுவழியில் நிற்குமா என்று பாருங்கள்.

தடுப்பைவிடக் கஷ்டமாக இருந்தது சம்பளம். பீஸ் ரேட்டில் கொடுத்துக்கொண்டிருந்தோம். இடுக்கியால் எடுத்தால் பீஸ் குறையும், அதனால் நான் அந்தப் பக்கம் போனதும் இடுக்கி கீழே போய்விடும். அவர்களைத் திட்டி என்ன பிரயோஜனம்? வேகமாகக் கையை விட்டால் கூடுதல் காசு என்று விதி போட்டது நான். நாள் சம்பளத்துக்கு மாற்றினேன். முதல் மாதம் உற்பத்தி குறைந்தது, ஒரு கஸ்டமர் சத்தம் போட்டார். சரிவுத் தட்டு கைக்குப் பழகியதும் மூன்றாவது மாதம் பழைய கணக்குக்கு வந்துவிட்டோம்.

இப்போது புது ஆள் சேர்ந்தால் முதல் நாள் மெஷினைத் தொட விடமாட்டேன். காலை டீக்கு அப்புறம் அந்த 30 டன் மெஷினுக்கு முன்னால் நிற்க வைப்பேன். ஃபிட்டர் அண்ணன் மோட்டாரை ஆஃப் செய்வார். மெஷின் நின்றுவிட்டதா என்று கேட்பேன். எல்லோரும் நின்றுவிட்டது என்பார்கள். அண்ணன் இடுக்கியில் ஒரு கேரட்டைப் பிடித்து டைக்குள் நீட்டி, பெடலை மிதிப்பார். சத்தம் கேட்கும், கேரட்டின் நுனி கீழே விழும். யாரும் பேசமாட்டார்கள். அப்புறம் ஃப்ளைவீல் முழுதாக நிற்கும்வரை எல்லோரும் சேர்ந்து எண்ணுவோம். எங்கள் மெஷினில் தொண்ணூறு வரை போகிறது. இன்றைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் ஒடிசா, பீகார் பையன்கள். தமிழில் எழுதிய போர்டு அவர்களுக்கு வெறும் படம். "ஹாத் பாஹர்" (கை வெளியே) என்று ஹிந்தியில் சொல்ல நாங்கள் எல்லோரும் கற்றுக்கொண்டோம். கேரட்டுக்கு மொழி வேண்டியதில்லை.

டை செட் பண்ணும்போது ராமுக்கு அடியில் அடைகட்டை வைத்த பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும். அந்தக் கட்டைக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறோம். சனிக்கிழமை சாயங்காலம் எல்லா மெஷினிலும் கீ ஸ்பிரிங்கைக் கழற்றிப் பார்ப்போம். ஸ்பிரிங் தளர்ந்தால் ஒரு மிதிக்கு இரண்டு அடி விழும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதற்கு முன்னால் ஆறு மெஷினுக்கும் புது ஸ்பிரிங். அது எங்கள் வீட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்காதீர்கள். 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம் மின்சாரத்தில் ஓடும் இடத்தில் பத்துப் பேர் இருந்தால்தான் தொழிற்சாலை என்றது. 2020ல் நிறைவேறி 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த புதுச் சட்டத் தொகுப்பில் அந்த எண்ணிக்கை 20. எங்களைப் போன்ற இடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருவது இன்னும் அபூர்வமாகும் என்பது என் கவலை. விரலுக்கு ஆள் எண்ணிக்கை தெரியாது. நாமே போய்த்தான் கேட்க வேண்டும். மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் சந்தேகம் கேட்கலாம். சென்னை தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் பாதுகாப்புப் பயிற்சிகள் நடத்துகிறது. 1966 மார்ச் 4 அன்று தொடங்கிய தேசியப் பாதுகாப்பு கவுன்சிலுக்குத் தமிழ்நாட்டிலும் கிளை உண்டு. அந்த நாளைத்தான் தேசியப் பாதுகாப்பு தினமாகக் கொண்டாடுகிறோம். அன்றைக்கு உறுதிமொழி படிப்பதோடு விட்டுவிடாமல், ஒரு மெஷினுக்காவது தடுப்பு மாட்டுங்கள்.

பத்துப் பேர் ஆனதும் இஎஸ்ஐக்குப் போய்விடுங்கள். நம் பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. வேலையில் அடிபட்டால் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. வேலைக்கு வர முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் அங்கிருந்து வரும். நாங்கள் இப்போது பன்னிரண்டு பேர். ஆளைப் பதிந்த பிறகுதான் உள்ளே விடுவது.

கடைசியாக ஒரு நோட்டு. நாற்பது பக்க ரூல் நோட்டு, தூணில் கயிறு கட்டித் தொங்குகிறது. அடிபடாமல் தப்பியதையெல்லாம் அதில் எழுத வேண்டும். எழுதினால் திட்டு கிடையாது, ஒரு டீ உண்டு. போன மாதப் பக்கத்தில் மூன்று வரி: "2ஆம் நம்பர் மெஷின், ரெண்டு அடி விழுந்தது." "ஷியரிங் பக்கம் எண்ணெய், வழுக்கினேன்." "இடுக்கி வாய் தேஞ்சு போச்சு, கை விட்டுட்டேன்." மூன்றாவதை எழுதியவன் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத பையன். ஹிந்தியில் எழுதியிருந்தான், ஃபிட்டர் அண்ணன் படிக்கச் சொல்லித் தமிழில் கீழே எழுதி வைத்தார். அன்று மத்தியானமே பத்து இடுக்கி வாங்கி வந்தேன்.

சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் மெஷின்களைப் பிரித்துத்தான் வைத்திருப்போம். அக்கம்பக்கத்தில் பிரஸ் வைத்திருப்பவர்கள் பையன்களோடு வந்து பார்க்கலாம். வரும்போது டையின் அளவைக் குறித்துக்கொண்டு வாருங்கள், தடுப்புக்கு அங்கேயே அட்டையில் வெட்டிப் பார்த்துவிடலாம்.