நூறு சாட்டில் அக்கரை

மியான்மரின் யாங்கோன் நகரத்திலிருந்து யாங்கோன் ஆற்றைப் படகில் கடந்து எதிர்க்கரையில் உள்ள டலாவுக்குப் போக மூன்று விலை. உள்ளூர்க்காரருக்கு ஒரு நடைக்கு 100 சாட் (சாட் என்பது மியான்மர் நாணயம்). வெளிநாட்டவருக்குப் போய்வர 4,000 சாட். ஜப்பானியருக்கு இலவசம். கொரோனாவுக்கு முந்தைய குளிர்காலத்தில் நான் போனபோது இருந்த நிலவரம் இது. ஆறும் ஒன்று, படகும் ஒன்று. கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதுதான் விலையை முடிவு செய்தது.

என்னை அழைத்துப் போனவர் எனக்குத் தூரத்து உறவில் பெரியப்பா முறை. அவருடைய தாத்தா சிவகங்கைப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர். குடும்பம் இப்போது அனோரதா சாலையில், 1871-இல் தமிழர்கள் கட்டிய காளி கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பான்சோடான் படகுத்துறைக்கு நடந்தே போய்விடலாம். பெரியப்பா கூட்டத்தோடு கூட்டமாக ஜன்னலில் கைநீட்டித் தன் டிக்கெட்டை வாங்கிக்கொண்டார். எனக்கு உள்ளே ஓர் அறை, நாற்காலி, பாஸ்போர்ட் எண்ணை எழுதிக்கொள்ள ஒரு பேரேடு.

"உன் ஒரு டிக்கெட் காசில் இருபது பேர் போய்த் திரும்பலாம், தம்பி" என்றார் பெரியப்பா. எனக்கு வருத்தமில்லை. அன்றைய மாற்று விலையில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 1,500 சாட். நம் பணத்தில் இருநூறு ரூபாய்க்குள்தான் வரும். ஆனால் மியான்மரில் 2018-இல் நிர்ணயித்தபடி எட்டு மணி நேர வேலைக்கு அன்றைய குறைந்தபட்சக் கூலி 4,800 சாட். ஒரு கூலியாளின் ஒருநாள் உழைப்பில் பெரும்பகுதியைப் பத்து நிமிடப் படகுச் சவாரிக்காக நீட்டினேன் என்பது அந்த எண்ணைக் கேட்ட பிறகுதான் உறைத்தது. அதே கூலியாளுக்குப் போகவர 200 சாட், கூலியில் ஏறக்குறைய நான்கு சதவீதம். நகர பஸ்ஸில் அப்போது ஒரு தடவை ஏறினாலே 200 சாட் ஆகிவிடும். ஆற்றைத் தாண்டுவது சாலையில் போவதைவிட மலிவாக இருக்கும் ஊரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மேல்தளத்தில் நல்ல காற்று. பிளாஸ்டிக் முக்காலியை வாடகைக்கு விடுகிறார்கள். காடை முட்டை, தர்ப்பூசணித் துண்டு, வெற்றிலைச் சுருள் எல்லாம் தலைக்கு மேல் தட்டில் நகர்கின்றன. குளிர்காலத்தில் வரும் கடற்பறவைகளுக்குத் தீனி எறிவதற்கென்றே காசு செலவழிக்கும் இளைஞர் கூட்டம் ஒன்று பின்பக்கக் கம்பியைப் பிடித்து நிற்கிறது. அவர்களுக்கு அது உல்லாசப் பயணம். கீழ்த்தளத்தில் கோழிக்கூடையும் கீரைக்கட்டுமாக நிற்பவர்களுக்கு அது தினசரி அலுவல்.

எனக்கோ கணக்குப் போடும் வியாதி. ஆயிரம் பேர் ஏறினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 100 என்றால் ஒரு நடைக்கு ஒரு லட்சம் சாட், அதாவது எழுபது டாலருக்கும் குறைவு. அதில்தான் டீசல், மாலுமிகள் சம்பளம், அலையேற்ற இறக்கத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் மிதவைத் துறையின் பராமரிப்பு எல்லாம் நடக்க வேண்டும். அடுத்த படகு வாங்க அதில் எங்கே மிஞ்சும்? மிஞ்சாது. அதனால்தான் படகை வேறொருவர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தத் துறையில் ஓடும் செர்ரி 1, 2, 3 என்ற மூன்று படகுகளும் ஜப்பான் அரசு கொடுத்தவை. 2014-இல் ஓடத் தொடங்கின. கடனாக அல்ல, நன்கொடையாக. தொகை நூறு கோடி யென்னுக்கு மேல். அதற்கு முன் ஓடியவை அரை நூற்றாண்டு கண்ட கிழப்படகுகள். நன்றிக்கடனாகத்தான் ஜப்பானியரிடம் டிக்கெட் கேட்கவில்லை. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு ஜப்பானிய இளைஞர் சிவப்புப் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு, கொஞ்சம் கூச்சத்தோடு உள்ளே போனார். கூச்சம் எதற்கு? அவர் வீட்டார் கட்டிய வரியில் வந்த படகு. எல்லோருக்கும் முன்பாகவே டிக்கெட் எடுத்துவிட்டவர் அவர்தான்.

படகை ஓட்டுவது உள்நாட்டு நீர்ப் போக்குவரத்து என்ற அரசு நிறுவனம். அதன் மூதாதை, 1865-இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் தொடங்கிய ஐராவதி புளோட்டில்லா கம்பெனி. ஒரு காலத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட கலங்களை வைத்திருந்தது. 1942-இல் ஜப்பானியப் படை நெருங்கியபோது, எதிரி கையில் சிக்கக் கூடாது என்று தன் கப்பல்களைத் தானே மூழ்கடித்தது. 1948-இல் நாடு விடுதலை பெற்றதும் மிச்சமிருந்ததை அரசு எடுத்துக்கொண்டது. அன்று யாருக்குப் பயந்து படகுகளை மூழ்கடித்தார்களோ, அவர்கள் கொடுத்த படகில்தான் இன்று ஊர் அக்கரை போகிறது. அந்தக் கம்பெனியின் பெரிய கப்பல் பட்டறை டலாவில்தான் இருந்தது. பெரியப்பாவின் தகப்பனார் அங்கே தறையாணி அடித்தவர். "காது போய்விட்டது அவருக்கு. வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம்" என்றார் பெரியப்பா. அவர் இன்றும் கத்தித்தான் பேசுகிறார்.

டலா இறங்கியதும் வேறு உலகம். எதிர்க்கரையில் மாடிக் கட்டடங்களும் சூலே பகோடாவும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் தெரிகின்றன. இங்கே மூங்கில் வீடுகள், கோடை வந்தால் குடிநீருக்குக் குடத்தோடு வரிசை. துறைவாசலில் சைக்கா என்ற மிதிரிக்‌ஷாக்காரர்களும் மோட்டார் சைக்கிள்காரர்களும் சூழ்ந்துகொள்கிறார்கள். பெரியப்பாவின் மகள், எனக்கு அக்கா முறை, சந்தைக்கு அருகே இட்லி, தோசைக் கடை வைத்திருக்கிறார். நகரத்தில் கொடுக்கும் வாடகையில் பாதிகூட இங்கே இல்லை என்பதால் குடிவந்தவர். அவர் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போக ஐந்நூறு சாட் கேட்டார்கள். ஆற்றுக்கு நூறு, தெருவுக்கு ஐந்நூறு! மலிவு டிக்கெட்டைப் பார்த்து மயங்கக் கூடாது. உளுந்தும் மசாலாவும் வாங்க நகரத்துத் தெயின்ஜி சந்தைக்குப் போகிறவருக்குப் படகுக் காசு கணக்கிலேயே வருவதில்லை என்று அக்கா சொன்னார். மூட்டை தூக்கும் கூலியும் இக்கரைச் சவாரியும்தான் லாபத்தைத் தின்கின்றன.

பேச்சு பாலத்துக்குத் திரும்பியது; டலாவில் எந்தப் பேச்சும் அங்கேதான் போய் நின்றது. 2018 டிசம்பரில் அடிக்கல் நாட்டிய மியான்மர் கொரியா நட்புறவுப் பாலம். நகரத்தில் லன்மடோ பகுதியின் போன்ஜீ தெருவில் தொடங்கி டலாவில் இறங்கும் கம்பிவடப் பாலம். செலவில் 13 கோடியே 78 லட்சம் டாலர் தென்கொரியாவின் கடன். எஞ்சிய சுமார் மூன்று கோடி டாலர் மியான்மர் அரசின் பங்கு. ஜப்பான் கொடுத்தது தானம், கொரியா கொடுப்பது கடன் என்ற வேறுபாட்டைப் பெரியப்பா விடவில்லை. கடன் என்றால் என்ன என்று பர்மாத் தமிழருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1930-களின் பொருளாதார மந்தத்தில் விவசாயிகள் திருப்பிக் கட்ட முடியாமல் போக, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் கடன் கொடுத்த செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது. நிலம் இழந்தவர்களின் கோபத்துக்கான விலையைச் செட்டியார் அல்லாதவர்களும் சேர்ந்துதான் கட்டினார்கள்.

"பாலம் வந்ததும் படகை நிறுத்திவிடுவார்கள். 1993-இல் தன்லின் பாலம் வந்தது. அதன் பிறகு தன்லினுக்கு யார் படகில் போகிறார்கள்?" என்றார் பெரியப்பா.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கடைசிப் படகு போன பிறகு பிள்ளை வலி கண்டவள் நான், அப்பா. இருட்டில் சின்னச் சம்பான் படகில் ஏறினேன். பெரிய கப்பல் ஒன்று போன அலையில் தண்ணீர் உள்ளே வந்தது. எனக்குப் பாலம் வேண்டும்."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. எனக்கும் பதில் இல்லை. ஆனாலும் திரும்பும் படகில் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. யாங்கோன் மாநகரில் 2000-களின் தொடக்கத்திலிருந்தே மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருந்தது. டலாவில் மோட்டார் சைக்கிள்தான் வண்டி. தடை நீடித்தால், பாலம் முடிந்தாலும் டலாக்காரர் தன் வண்டியில் நகரத்துக்குள் நுழைய முடியாது. காரும் லாரியும் வைத்திருப்பவர்கள் பறப்பார்கள். நிலத்தரகர்கள் அடிக்கல்லுக்கு முன்பே டலாவில் இறங்கிவிட்டார்கள். கீரைக்காரிக்கு என்ன மிஞ்சும்? படகு அவரை நகரத்தின் நடுவயிற்றில் இறக்கிவிடுகிறது. பாலம் மேற்கே தள்ளி இறக்கும். அங்கிருந்து பஸ், அதற்கொரு டிக்கெட். கடனைக் கட்டப் பொதுப்பணம் போகும்போது, அந்தப் பணத்தில் நூறு சாட் டிக்கெட்டால் படகுக்கு வரும் நஷ்டத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்குவதே நியாயம் என்பது என் கட்சி. பாலமா படகா என்று கேட்பதே தவறு. இரவுக்குப் பாலம் வேண்டும், காலை ஐந்து மணிக் கூடைக்குப் படகு வேண்டும்.

இதை அக்காவிடம் அன்றிரவே தொலைபேசியில் சொன்னேன். அவர் என்னைவிடத் தெளிவாக இருந்தார். பாலத்தில் பஸ் விட வேண்டும், டிக்கெட் 200 சாட்டைத் தாண்டக் கூடாது, நள்ளிரவு வரை ஓட வேண்டும், மூட்டையை ஏற்றமாட்டேன் என்று நடத்துனர் சொல்லக் கூடாது என்று வரிசையாக அடுக்கினார். "படகு?" என்றேன். "அப்பாவுக்காக ஓடட்டும்" என்றார்.