ஐகானைத் தட்டினால் ஒன்றும் வரவில்லை

எங்கள் அச்சகத்தில் ஐந்து கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றிலும் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இயங்குதளம், 20.04 பதிப்பு. 2020 ஏப்ரலில் வந்த அந்தப் பதிப்புக்கு வழக்கமான ஆதரவு ஐந்து வருடம்தான். கடைசி நாள் வரை இழுக்க வேண்டாமென்று, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு ஐந்தையும் 22.04-க்கு மாற்றினேன். ஒரு தடங்கலும் இல்லை. கடைசியாக ஆட்டோரிமூவ் கட்டளை கொடுத்து, யாருக்கும் தேவைப்படாத பழைய பேக்கேஜ்களையும் (மென்பொருள் தொகுப்புகளையும்) துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை டிசைன் பார்க்கும் அக்கா கூப்பிட்டார். “தம்பி, இங்க்ஸ்கேப் திறக்க மாட்டேங்குது. நான் எதையாவது தப்பா அழுத்திட்டேனா?” இங்க்ஸ்கேப் அவர் பத்திரிகை வரையும் மென்பொருள்.

அவர் மேசையில் ஓரத்தில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒன்று இருந்தது. மாப்பிள்ளையின் தாத்தா பெயருக்கு முன்னால் இனிஷியல் விட்டுப்போயிருந்தது. பெண் வீட்டுக்காரர் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அக்கா அதற்குள் இரண்டு முறை மெஷினை அணைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஐகானைத் தட்டினால் சுட்டி ஒரு நொடி சுழல்கிறது, அப்புறம் ஒன்றுமே இல்லை. பிழைச் செய்தி என்று ஒன்று வந்திருந்தால் அவர் தன்னைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டார். எனக்கு மிகவும் வலித்தது அதுதான்.

கட்டளை தட்டும் டெர்மினலில் இருந்து இங்க்ஸ்கேப்பை ஓட்டிப் பார்த்தேன். லிப்ஃபியூஸ் 2 என்ற லைப்ரரி, அதாவது மற்ற மென்பொருள்கள் நம்பியிருக்கும் துணைக்கோப்பு, கிடைக்கவில்லை என்றது. உடனே விளங்கிவிட்டது. 20.04-இன் களஞ்சியத்தில், அதாவது உபுண்டுவே தரும் மென்பொருள் தொகுப்பில், இங்க்ஸ்கேப் 0.92 தான் இருந்தது. அக்காவுக்குப் புதிய 1.0 வேண்டுமென்று, ஆப்இமேஜ் கோப்பாக இறக்கி நான்தான் வைத்துக் கொடுத்தேன். ஆப்இமேஜ் என்பது முழு மென்பொருளையும் ஒரே கோப்புக்குள் சுருட்டி வைத்திருப்பது. தட்டியதும் அது தன்னை ஒரு வட்டு போல விரித்துக்கொள்ள வேண்டும். அந்த வேலைக்குத்தான் ஃபியூஸ் 2. ஆனால் 22.04-இன் டெஸ்க்டாப் ஃபியூஸ் 3-க்கு நகர்ந்துவிட்டது. ஆப்இமேஜை நான் கையால் கொண்டுவந்து வைத்ததால், பேக்கேஜ்களைப் போட்டு நீக்கும் ஆப்ட் என்ற கருவியின் கணக்கில் அது கிடையாது. ஃபியூஸ் 2 யாருக்கும் தேவையில்லை என்று ஆப்ட் நினைத்தது. துடைக்கச் சொன்னதோ நான்.

அவசரத்தில் ‘ஃபியூஸ்’ என்ற பேக்கேஜையே இன்ஸ்டால் செய்யக் கட்டளை கொடுத்துவிட்டேன். ஆப்ட் ஒரு பட்டியலைக் காட்டி, தொடரலாமா என்று கேட்டது. ‘ஆம்’ என்பதற்கான ‘Y’ மேல் விரல் போயேவிட்டது. நீக்கப்படும் பேக்கேஜ்கள் என்ற வரியின் கீழே ஃபியூஸ் 3, கோப்புகளைத் திறந்து காட்டும் நாட்டிலஸ், உபுண்டு டெஸ்க்டாப் என்று பெயர்கள் வரிசையாக இருந்தன. பழையது உள்ளே வந்தால் புதியது வெளியே போகும், அதை நம்பியிருப்பவையும் கூடவே போகும். ‘வேண்டாம்’ என்பதற்கான ‘N’-ஐ அழுத்திவிட்டு லிப்ஃபியூஸ் 2 லைப்ரரியை மட்டும் போட்டேன். ஒரு நிமிட வேலை. இங்க்ஸ்கேப் திறந்தது. அக்கா முதல் காரியமாக அந்த இனிஷியலைச் சேர்த்தார்.

“அக்கா, நீங்க எதுவும் தப்பா அழுத்தல. சனிக்கிழமை நான் செஞ்ச வேலை இது,” என்று சொன்னேன். அதைச் சொல்லாமல் சரிசெய்துவிட்டு மட்டும் போயிருந்தால், அடுத்த முறையும் அவர் தன் மேல்தான் பழியைப் போட்டிருப்பார்.

அதற்குப் பிறகு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மெஷினிலும் களஞ்சியத்துக்கு வெளியிலிருந்து வந்தது என்ன, அதற்கு எது தேவை என்று எழுதி வைக்கிறேன். 24.04-க்கு மாறியபோது முதலில் ஒரே ஒரு மெஷின்தான். லிப்ஃபியூஸ் 2-இன் பெயர் அதில் லிப்ஃபியூஸ்2டி64 என்று மாறியிருந்தது; அதையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். அக்காவை இரண்டு நாள் அந்த மெஷினில் உட்காரச் சொன்னேன். இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். “தம்பி, பிரிண்ட் வரைக்கும் எடுத்துப் பாத்துட்டேன். மத்ததையும் மாத்திக்கோ.”